எங்கள் முதுகில் ஏறிய காமிரா

சுற்றுலா சென்று வந்தவர்கள் சுற்றுலாவைப் பற்றி எழுதுவதே வழக்கம். கோடிக்கரையில் நாங்கள் கண்ட மான்களையும் பறவைகளையும் பற்றி எழுதித் தருமாறுதான் ஆண்டு மலர்க் குழுவினர் எங்களைக் கேட்டார்கள். நாங்களோ ஒரு பையைப் பற்றி எழுத அமர்ந்திருக்கிறோம். “பையைப் பற்றி எழுத என்னடி இருக்கிறது?” என்று பிற வகுப்புத் தோழியர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்! ஓராண்டுக்கு முன் யாரேனும் இப்படிச் சொல்லியிருந்தால் நாங்களும் சிரித்திருப்போம். முழுவதும் படித்தபின் நீங்களே தீர்ப்புக் கூறுங்கள்.

எங்கள் பள்ளிப் புகைப்பட மன்றத்தில் நாங்கள் எழுவர். நம் பள்ளியின் முன்னாள் மாணவியர் சிலர் ஒன்றுசேர்ந்து ஒரு காமிராவையும் இரண்டு லென்ஸ்களையும் அன்பளிப்பாகத் தந்தபோது மன்றம் பிறந்தது. சிறிய லென்ஸ் உள்ளங்கையில் அடங்கும். பெரிய லென்சோ தொலைவில் உள்ள பறவையைப் பக்கத்தில் கொண்டு வந்து காட்டும் வகையைச் சேர்ந்தது. அதன் எடை மட்டும் 2 கிலோ! வீட்டுக்கு வீடு செல்பேசியில் படம் எடுக்கும் இந்நாளில் இவ்வளவு பெரிய கருவி எதற்கு என்று கேட்பவர்கள், ஏரியின் நடுவில் நிற்கும் ஒரு நாரையைச் செல்பேசியில் எடுத்துப் பார்க்கட்டும். வெள்ளைப் புள்ளி ஒன்றுதான் கிடைக்கும்.

காமிரா வந்தது, ஆனால் அதை வைத்துச் செல்லத் தக்க பை வரவில்லை. ஒருத்தியின் வீட்டில் சும்மா கிடந்த ஒரு தோள்பையில் எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு, சென்ற ஆண்டு டிசம்பர் மாதம் வடுவூர் ஏரிக்குப் புறப்பட்டோம். திருவாரூர் மாவட்டத்தில் உள்ள அந்த ஏரி 1999-ஆம் ஆண்டு முதல் பறவைகள் சரணாலயமாக விளங்குகிறது. காலை ஆறரை மணிக்குக் கரையில் ஏறினோம். நத்தைகுத்தி நாரைகளும் நீர்க்காகங்களும் மரங்களை நிறைத்திருந்தன. ஆளுக்கொரு திசையில் ஓடினோம். “இங்கே வா, லென்சைக் கொடு!”, “அங்கே வா, காமிராவைக் கொடு!” என்று கத்தினோம். பையைச் சுமந்துகொண்டு எங்கள் குரல் வந்த பக்கமெல்லாம் ஓடியவள் எங்கள் தோழி ஒருத்தி. அவள் பெயரை இங்கே எழுதக் கூடாது என்று அவளே கட்டளையிட்டிருக்கிறாள். ஆகவே ‘தோழி’ என்றே குறிப்பிடுகிறோம்.

அவள் ஏன் சுமந்தாள்? யாரும் அவளைச் சுமக்கச் சொல்லவில்லை. அவளே எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஆனால் யாரும் அவளிடமிருந்து வாங்கிக்கொள்ளவும் இல்லை. அவளுடைய தந்தை நெல் கொள்முதல் நிலையத்தில் சுமைதூக்கும் தொழிலாளி. “அவள் அப்பா 40 கிலோ மூட்டையையே தூக்குகிறார், இவளுக்கு இதென்ன பாரம்!” என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். மற்றவர்கள் சிரித்தோம். அவளும் சிரித்தாள். இதை எழுதும்போது எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. எனினும், மறைத்துவிட்டு எழுதினால் இக்கட்டுரையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

பத்து மணி அளவில் அது நடந்தது. கரைச் சரிவில் கருங்கல் பதித்த இடத்தில் இறங்கும்போது அவள் சற்றே முன்னால் குனிந்தாள். ஒரு தோளில் தொங்கும் பை, ஆள் குனிந்தால் என்ன செய்யும்? ஊஞ்சல் போல் முன்னால் ஆடிவிட்டது. அவள் தடுமாறினாள். அவசரத்தில் நாங்கள் மூடாமல் விட்ட ஜிப்பு வழியாகப் பெரிய லென்ஸ் உருண்டு கல்லில் ‘டங்’ என்று விழுந்தது. அந்த ஓசை இன்னும் எங்கள் காதில் இருக்கிறது. முழங்காலில் இரத்தம் வடிவதையும் பாராமல் அவள் லென்சை எடுத்து முந்தானையில், அதாவது தாவணி முனையில், துடைத்துக்கொண்டே அழுதாள்.

அடுத்த இரண்டு நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் காலை அவளுடைய தந்தை வந்தார். வேலைக்குப் போகும் உடையிலேயே, தோளில் துண்டுடன், அலுவலக வாயிலில் நின்றார். “சிஸ்டரம்மா, எவ்வளவு ஆனாலும் மாசாமாசம் கட்டிடறேன். புள்ளைய மட்டும் ஒண்ணும் சொல்லாதீங்க” என்றார். நாங்கள் எழுவரில் அறுவர் அப்போது வராந்தாவில் நின்றிருந்தோம்.

மன்றத்தின் பொறுப்புச் சகோதரி அவரை உட்காரச் சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். கோபப்படவில்லை. இரண்டே கேள்விகள் கேட்டார்.

“வடுவூருக்கு எத்தனை பேர் போனீர்கள்?”

“ஏழு பேர், சிஸ்டர்.”

“எத்தனை பேர் சுமந்தீர்கள்?”

எங்களிடம் விடை இல்லை.

லென்சைப் பழுதுபார்க்க 6,300 ரூபாய் ஆயிற்று. ஆளுக்கு 900 ரூபாய் என்று சகோதரி பிரித்தார். தோழியின் பங்கையும் நாங்கள் அறுவரே ஏற்றுக்கொள்கிறோம் என்று சொல்லிப் பார்த்தோம். “நானும் மன்றத்தில் ஒருத்திதானே?” என்று கேட்டாள். அதன்பின் நாங்கள் வாய் திறக்கவில்லை. நான்கு மாதங்களில் தன் பங்கை முழுவதும் கட்டிவிட்டாள்.

பணம் கட்டியதோடு பாடம் முடியவில்லை. “மறுபடி வெளியே போவதற்கு முன், காமிராவை எப்படிச் சுமப்பது என்று படித்துவிட்டு வாருங்கள்” என்றார் சகோதரி. சுமப்பதற்குக்கூடப் படிப்பா என்று எண்ணினோம். படிக்கப் படிக்க வியப்புத்தான் கூடியது.

இங்கிலாந்தில் வங்கி எழுத்தராக இருந்து 1863-இல் இந்தியாவுக்கு வந்த சாமுவேல் போர்ன் என்பவர் இமயமலையைப் படம் பிடித்தார். அக்காலத்தில் படச்சுருள் கிடையாது. கண்ணாடித் தகட்டில் மருந்துக் கரைசலைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே படம் எடுத்து, ஈரம் காய்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும். எனவே காமிராவோடு கண்ணாடித் தகடுகள், மருந்துப் புட்டிகள், இருட்டுக் கூடாரம் எல்லாமே மலை ஏற வேண்டும்! அத்தனையையும் சுமந்தவர்கள் பல பத்துச் சுமையாளர்கள். 1866-இல் அவர் 18,600 அடி உயரமுள்ள மணிருங் கணவாயில் படம் எடுத்தார். சுமையாளர்கள் வழியில் விட்டு ஓடிவிட்டதைப் பற்றியும் அவரே எழுதியிருக்கிறார். பனியில், அந்த உயரத்தில், கண்ணாடியைச் சுமந்தவர்கள் ஓடியதில் வியப்பென்ன?

இத்தாலி நாட்டு விட்டோரியோ செல்லா (1859–1943) இன்னொரு வகை மனிதர். தாமே மலையேறுபவர். 30 சென்டிமீட்டருக்கு 40 சென்டிமீட்டர் அளவுள்ள பெரிய கண்ணாடித் தகடுகள் மலையில் உடையாமல் செல்வதற்கென்றே, பொதிவிலங்குகளுக்கான சேணத்தையும் மனிதர் சுமக்கும் முதுகுப்பையையும் அவரே மாற்றி வடிவமைத்தார். 1909-இல் கே-2 சிகரத்தை நோக்கிச் சென்ற குழுவோடு போய் அவர் எடுத்த படங்களை இன்றும் மலையேறுபவர்கள் போற்றுகிறார்கள். காமிராவுக்கென்றே முதுகுப்பை என்ற எண்ணத்துக்கு அவரை ஒரு முன்னோடி என்று சொல்லலாம்.

நம்மவரும் ஒருவர் உண்டு. ஆசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) காடுகளில் அலைந்து கறுப்பு வெள்ளையில் யானைகளையும் மான்களையும் படம் பிடித்தவர். வெவ்வேறு கருவிகளின் பாகங்களைத் தாமே பொருத்தி ஒரு பெரிய காமிராவை அமைத்து, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருந்தார். பெயரே அதன் கனத்தைச் சொல்லும்.

1967-இல் அமெரிக்க மலையேறுநரான கிரெக் லோ என்பவர், சட்டத்தை உள்ளே மறைத்துவைத்த முதுகுப்பையை உருவாக்கினார். அதற்கு முன் நீண்ட பயணத்துக்கான பைகளில் சட்டம் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. சட்டம் உள்ளே போனதும் சுமை முதுகோடு ஒட்டியது. அவர் தொடங்கிய லோப்ரோ நிறுவனம் பின்னர் காமிராப் பைகளுக்கே பெயர் பெற்றது.

இன்று கடைகளில் விற்கும் காமிரா முதுகுப்பைகளில் பல நுட்பங்கள் இருக்கின்றன. உள்ளே மெத்தை வைத்த அறைகள், அவற்றை நம் லென்சின் அளவுக்கேற்ப மாற்றி ஒட்டிக்கொள்ள வெல்க்ரோ பட்டைகள், தோள்வார்கள் விலகாமல் மார்பில் பூட்ட ஒரு வார், மழையுறை, முக்காலியைக் கட்டப் பக்கவாட்டில் பட்டை. எல்லாவற்றிலும் முக்கியமானது இடுப்புப் பட்டை. அதை இறுக்கிப் பூட்டினால் பாரத்தின் பெரும்பகுதி தோளை விட்டு இடுப்பெலும்புக்கு இறங்கிவிடுகிறது. சில பைகளில் திறப்பு வெளிப்பக்கம் இல்லை; நம் முதுகில் படும் பக்கத்தில் இருக்கிறது. சேற்றில் பையைக் கிடத்தினாலும் முதுகுப் பக்கம் சுத்தமாக இருக்கும். கூட்டத்தில் பின்னால் நிற்பவர் ஜிப்பைத் திறக்கவும் முடியாது. என்னே அறிவு!

ஆனால் விலை? எங்களிடம் இருந்தது விளையாட்டு விழாவன்று சுண்டலும் மோரும் விற்றுச் சேர்த்த 2,600 ரூபாய். நாங்கள் விரும்பிய பைகளோ அதைப்போல் பல மடங்கு. அப்போது கைகொடுத்தவர் எங்கள் தையல் ஆசிரியை. இடுப்புப் பட்டையுள்ள ஒரு சாதாரண மலையேற்றப் பையை 1,900 ரூபாய்க்கு வாங்கினோம். மீதிப் பணத்தில் அரை அங்குல ஸ்பாஞ்சும், மென்மையான துணியும், வெல்க்ரோவும் வாங்கினோம். ஸ்பாஞ்சை வெட்டித் துணி உறை போட்டு, பைக்குள் பொருந்தும் பெட்டி ஒன்றும் ஐந்து தடுப்புகளும் தைத்தோம். முதல் பெட்டி கோணலாகிவிட்டது. பிரித்து மறுபடி தைத்தோம். கிழிந்த குடைகளின் துணியை ஒட்டுப்போட்டு மழையுறை ஆயிற்று. எங்கள் பையின் திறப்பு வெளிப்பக்கம்தான். ஆகவே தரையில் விரிக்க ஓர் உரச் சாக்கைக் கழுவி, ஓரம் மடித்துத் தைத்து வைத்துக்கொண்டோம். புதுச் செருப்புப் பெட்டிகளில் வரும், ஈரத்தை உறிஞ்சும் சிறு பொட்டலங்களை வகுப்பு வகுப்பாகச் சென்று சேகரித்தோம். உப்புக் காற்றும் ஈரமும் காமிராவுக்குப் பகை அல்லவா?

பை ஆயத்தமானது. விடுதிச் சமையலறைத் தராசில் வைத்தோம். காமிரா 700 கிராம், பெரிய லென்ஸ் 2 கிலோ, சிறிய லென்ஸ் 250 கிராம், முக்காலி 1,600 கிராம், பை 1,600 கிராம், இரண்டு தண்ணீர்ப் புட்டிகள் 1,200 கிராம், தொலைநோக்கி 850 கிராம். ஆக மொத்தம் 8 கிலோ 200 கிராம்! மாணவரின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்குமேல் புத்தகப்பை இருக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் தேசியப் பள்ளிப்பைக் கொள்கை கூறுகிறது. எங்களில் பெரும்பாலோர் 42 கிலோவைத் தாண்டாதவர்கள். மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னது எங்களுக்காகத்தான் போலும்! முக்காலி ஒருத்திக்கு, தொலைநோக்கி இன்னொருத்தியின் கழுத்துக்கு, தண்ணீர் அவரவர் பொறுப்பு என்று பிரித்தோம். பையில் ஏறத்தாழ நாலரைக் கிலோ நின்றது. அதற்குமேல் குறைக்க முடியவில்லை. அரைமணிக்கு ஒருத்தி சுமப்பது என்று முறை வகுத்தோம்.

இப்போது ஆசிரியர் வேண்டும் அல்லவா? சகோதரி எங்களைக் கேட்காமலேயே தோழியின் தந்தைக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு சனிக்கிழமை மாலை அவர் தையல் அறைக்கு வந்தார். நாங்கள் அடுக்கியிருந்த பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்ததுமே தலையை ஆட்டினார்.

“கனத்தை அடியில போட்டிருக்கீங்க. அது ஆளைப் பின்னால இழுக்கும். கனமானது முதுகோட ஒட்டி, நடு முதுகுக்குக் கொஞ்சம் மேல நிக்கணும். எடை யாரையும் தள்ளாதும்மா; ஆடுற எடைதான் தள்ளும்” என்றார்.

பெரிய லென்சை மேலே, முதுகை ஒட்டிய பக்கம் மாற்றினோம். சிறியவற்றை வெளிப்பக்கம் வைத்தோம். ஆடாதபடி இடைவெளிகளில் துணியைச் செருகினோம். பையைக் குனிந்து இடுப்பால் தூக்காமல், முழங்காலை மடக்கித் தொடையில் ஏற்றி, பிறகு தோளில் மாட்ட வேண்டும் என்று செய்து காட்டினார். இடுப்புப் பட்டையை அவர் பார்த்ததில்லை. கட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “நாங்க துண்டை இறுக்கிக் கட்டிக்கிறோமே, அது மாதிரிதான்” என்றார். பாடநூல்களில் நாங்கள் தேடியதை அவர் முப்பது ஆண்டுகளாக முதுகில் எழுதி வைத்திருந்தார். “ஐயா, நன்றி” என்று எழுவரும் எழுந்து நின்று சொன்னபோது அவர் கூச்சத்தோடு துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார். தோழி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இந்த ஜனவரியில் கோடிக்கரைக்குச் சென்றோம். அதுவும் 1967-இல் சரணாலயம் ஆனது. கிரெக் லோவின் பைக்கும் அதற்கும் ஒரே வயது! 2002-இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. 2018 நவம்பரில் கஜா புயல் தாக்கிய வடு அதன் மரங்களில் இன்னும் தெரிகிறது. அதிகாலை மூன்று மணிக்கு வேனில் புறப்பட்டு, வனத்துறையின் அனுமதியோடு, பொழுது விடியும் வேளையில் புல்வெளியை அடைந்தோம்.

முதல் அரைமணி, வடுவூரில் அந்தச் சொல்லைச் சொன்னவளின் முறை. கேட்டு வாங்கிக்கொண்டாள். முறை முடிந்து பையை இறக்கும்போது, “இதையா வடுவூரில் நீ நாலு மணி நேரம் தூக்கினாய்?” என்று தோழியிடம் கேட்டாள்.

“அது ஒரு தோளில்” என்றாள் தோழி. அவ்வளவுதான். பிறகு இருவரும் நெடுநேரம் ஒன்றாகவே நடந்ததைக் கண்டோம்.

எட்டரை மணிக்குப் பருவம் தப்பிய ஒரு தூறல். மழையுறையை இழுத்துப் போட்டோம். சதுப்பு நில ஓரத்தில், பையைச் சுமந்திருந்த ஒருத்தியின் கால் முழங்கால் வரை சேற்றில் இறங்கி, அவள் பக்கவாட்டில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். எங்கள் நெஞ்சில் மறுபடி அந்த ‘டங்’ ஓசை! ஓடிச்சென்று பார்த்தோம். பை அவள் முதுகை விட்டு ஓர் அங்குலமும் நகரவில்லை. குடைத்துணியில் சேறு, உள்ளே ஸ்பாஞ்சு அறையில் லென்ஸ் உலர்ந்த தொட்டிலில் உறங்கும் குழந்தைபோல் கிடந்தது. விழுந்தவளைத் தூக்க மறந்து பையைத் திறந்து பார்த்தோமே என்று அவள் இன்றும் எங்களைக் கடிந்துகொள்கிறாள். அதுவும் நியாயமே.

பூநாரைகள் வெகு தொலைவில் இளஞ்சிவப்புக் கோடாக நின்றன. படம் தெளிவாக விழவில்லை. வெளிமான்கள் ஏமாற்றவில்லை. முறுக்கிய கொம்புகளோடு ஓர் ஆண்மான் புல்வெளியில் வந்து நின்றபோது காமிரா யார் கையில் இருந்தது தெரியுமா? தோழியின் கையில். மன்றம் தொடங்கியதிலிருந்து அவள் ஒரு படமும் எடுத்ததில்லை என்பதும், எங்கள் தொகுப்பில் அவள் இருக்கும் படமும் ஒன்றுகூட இல்லை என்பதும் அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. பையைப் பிடித்திருந்தவளுக்குக் கை ஏது? இப்போது பை முதுகில். அதுவும் வேறொருத்தியின் முதுகில். மூச்சை அடக்கி அவள் எடுத்த அந்த மான்தான் இம்மலரின் பின்னட்டையை அழகு செய்கிறது.

ஊர் திரும்பிய மறுவாரம் அவள் சகோதரியிடம் ஓர் அனுமதி கேட்டாள். சம்பா அறுவடைக் காலம். கொள்முதல் நிலையத்தில் நெல் குவியல் குவியலாகக் கிடந்தது. சகோதரியோடு நாங்கள் எழுவரும் பையைச் சுமந்து சென்றோம். அவளுடைய தந்தை ஒரு மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு, சற்றே முன்சாய்ந்து, ஆடாமல் நடந்து வந்தார். தோழி சேற்றிலோ கல்லிலோ அல்ல, உரச் சாக்கு விரிப்பில் மண்டியிட்டுப் படம் எடுத்தாள். அப்படத்தை எதிர்ப்பக்கத்தில் காண்கிறீர்கள்.

மணிருங் கணவாயில் கண்ணாடித் தகடுகளைச் சுமந்தவர்களின் பெயர்களைத் தேடினோம். எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. படம் எடுத்தவரின் பெயர் மட்டும் நூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. ஆகவே ஆசிரியர் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தோம். எதிர்ப்பக்கப் படத்தின் கீழ் ‘நெல் மூட்டை சுமக்கும் தொழிலாளி’ என்று மட்டும் போட வேண்டாம். அவருடைய முழுப் பெயரையும் அச்சிடுங்கள் என்று கேட்டோம். அவர்களும் இசைந்தார்கள்.

அடுத்த ஆண்டு நாங்கள் பன்னிரண்டாம் வகுப்புக்குச் செல்கிறோம். மன்றத்தில் சேரப்போகும் தங்கையரே, காமிராவையும் பையையும் உங்களிடம் ஒப்படைக்கிறோம். ஒரு ஜிப்பு சற்றே இறுகும், மெழுகு தடவுங்கள். கனத்தை மேலே, முதுகை ஒட்டி வையுங்கள். அரைமணிக்கு ஒருமுறை தோள் மாற்றுங்கள். யார் சுமக்கிறாள் என்று அடிக்கடி திரும்பிப் பாருங்கள்.

— புகைப்பட மன்ற மாணவியர் எழுவர்,
பதினோராம் வகுப்பு